சூட்டின் மேல் பழி போடலாமா?

கத்திரி வெயில். பகல் மணி பதினொன்றரை. மதுராந்தகம் ஏரிக்குச் சற்று இப்பால், பெரிய சாலையின் ஓரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கிறது. பக்கத்தில் பட்டுக்கரை வேட்டியும் வியர்வையுமாக ஒரு மனிதன் கிக்கரை உதைத்துக்கொண்டிருக்கிறான். பத்து உதை, இருபது உதை, முப்பது உதை. வண்டி பிள்ளையார் மாதிரி அசையாமல் இருக்கிறது. திண்டிவனத்தில் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் எழுந்திருக்கும் நேரம். பெருவெள்ளத்தில் ஏரி உடையாமல் ராமபிரான் காத்தார் என்று பெருமை பேசும் ஊரின் வாசலில், என் வண்டியைக் காக்க ஒருவரும் வரவில்லை. ஆம், அந்த மனிதன் அடியேன்தான்.

அரைமணி நேரம் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து எழுந்து, 'கடைசியாக ஒரு தரம்' என்று உதைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் எஞ்சின் உயிர் பெற்றது! மதுராந்தகத்தைத் தாண்டவில்லை, திக்கித் திக்கி மறுபடியும் நின்றது.

வழியில் நின்று விசாரித்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கும். லாரி டிரைவர் ஒருவர், இளநீர்க்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர். அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "எஞ்சின் சூடாயிடுச்சு, சார்!"

இந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன். ஜுரம் என்று வைத்தியரிடம் போகிறோம். அவர் நம் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உமக்கு ஜுரம்" என்று சொல்லி அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா? எஞ்சின் என்றால் சூடாகத்தான் செய்யும். உள்ளே பெட்ரோல் எரியும் கணத்தில் வாயுவின் உஷ்ணம் 2000 டிகிரி சென்டிகிரேடையும் தாண்டிவிடுகிறது. காற்றினால் குளிரும் எஞ்சினின் தலைப்பாகம் ஓட்டத்தில் 150 டிகிரிக்கு மேல் போவது சகஜம். அதைத் தாங்குவதற்கென்றேதான் அதைச் செய்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான வண்டிகள் அதே வெயிலில் நிற்காமல் ஓடும்போது, என் வண்டி மட்டும் நிற்பானேன்? சூடு என்று சொல்லிவிட்டால் விசாரணை முடிந்துபோகிறது. உண்மையில் விசாரணை அங்கேதான் ஆரம்பமாக வேண்டும்.

வைத்தியர் வாசலில் சுகம்!

இந்தச் சம்பவத்துக்கு முந்தைய இரண்டு மாதத்தில் சென்னையில் மூன்று பட்டறைகளுக்கு இதே புகாரோடு போயிருந்தேன். முதல் பட்டறையில் ஸ்பார்க் பிளக்கை மாற்றினார்கள். இரண்டாவதில் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதில் சில உதிரிப் பாகங்களும் புதிதாகப் போட்டார்கள். மூன்றாவதில், "காயில் போயிருக்கும், சார்" என்றார்கள். 'போயிருக்கும்' என்ற அந்த யூகத்துக்கு நான் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாக உதிரிப் பாகக் கடைகள் இருக்கிற வரையில் யூகத்துக்குப் பஞ்சமில்லை!

ஆனால் அந்தப் பட்டறைக்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நான் செய்தது என்ன? காலையில் ஆபீஸ் போகும் வழியில் வண்டியை அங்கே விட்டேன். பட்டறைக்காரர் உதைத்துப் பார்த்தார். முதல் உதையிலேயே எஞ்சின் கிளம்பியது. வீட்டில் கிடந்து முனகிய நோயாளி, வைத்தியர் வாசலை மிதித்ததும் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்கிற கதை இது. நோய் இல்லாத நேரத்தில் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் தமக்குத் தெரிந்த பாகம் ஒன்றை மாற்றினார். சாயங்காலம் நான் குளிர்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். இருவரும் சேர்ந்து ஒரு நாடகம் ஆடினோம். அதற்கு டிக்கெட் வாங்கியது நான்.

இரண்டு வண்டிகள், ஒரே புகார்

அன்று வண்டியைத் தள்ளிக்கொண்டே மதுராந்தகத்தில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அறுபது வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் மணையின்மேல் உட்கார்ந்து ஏதோ போல்ட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் கதையை முழுவதும் கேட்டார். பிறகு, "தம்பி, இன்னிக்கு டாங்கியிலே எவ்வளவு பெட்ரோல்?" என்றார்.

"தாம்பரத்தில் நிறையப் போட்டேன், ஐயா."

"நின்ன உடனே மூடியைத் தொறந்து பார்த்தீங்களா?"

இல்லை என்றேன். எழுந்து வந்து பெட்ரோல் மூடியைத் திறந்தார். 'உஸ்' என்று ஒரு சத்தம். மூடியை லேசாக வைத்துவிட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து உதைக்கச் சொன்னார். உதைத்தேன். கிளம்பியது!

விஷயம் இவ்வளவுதான். டாங்கியிலிருந்து பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துவாரம் உண்டு. அது தூசியாலோ துருவாலோ அடைபட்டால் டாங்கிக்குள் காற்றழுத்தம் குறைகிறது. பெட்ரோல் இறங்க மறுக்கிறது. எஞ்சின் பட்டினியால் சாகிறது. சற்று நேரம் சும்மா இருந்தால் இடுக்குகளின் வழியே கொஞ்சம் காற்று நுழைந்து, மறுபடியும் பெட்ரோல் சொட்டுகிறது. இதைப் பார்த்து நாம் 'ஆறியதும் கிளம்பிவிட்டது' என்கிறோம். எண்ணெய்ச் செட்டியார் புனல் வைத்து ஊற்றும்போது காற்றுப்போக வழி விடுவாரே, அதே சங்கதிதான். டாங்கி நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு. ஆகவே இந்தக் கோளாறு சீக்கிரமே தலைகாட்டும். பெரியவர் பெட்ரோல் கணக்குக் கேட்டதன் ரகசியம் அது.

என் வண்டியை நிறுத்தியது சூடே அல்ல. சூடு ஏற எடுத்துக்கொண்ட நேரமும், காற்று குறைய எடுத்துக்கொண்ட நேரமும் ஒன்றாக இருந்தன. பழி சூட்டின் தலையில் விழுந்தது.

இந்தச் சமயத்தில் இன்னொருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடலோரத்திலிருந்து மீன் ஏற்றி வந்து ஊர் ஊராக விற்கிறவர். பின்னால் பெட்டியில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் புகாரும் என் புகாரே: சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. ஒரு மாதத்தில் மூன்று நாள் சரக்கு கெட்டுப் பாதி விலைக்குப் போயிற்றாம். ஏற்கெனவே பிளக், பாட்டரி, கார்புரேட்டர் பாகங்கள் எல்லாம் மாற்றியாகிவிட்டது. கடைசியாக ஓரிடத்தில், "பிஸ்டன் போயிடுச்சு, ரீபோர் செய்யணும், நாலாயிரம் ஆகும்" என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பணத்துக்கு அவர் வட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

பெரியவர் முதலில் அதிலும் மூடியைத் திறந்தார். பயன் இல்லை. வேறொருவராக இருந்தால், சற்றுமுன் கண்ட வெற்றியின் ஜோரில் இந்த வண்டிக்கும் ஒரு மூடியை விற்றிருப்பார். இவர் அலமாரியிலிருந்து நல்ல பிளக் ஒன்றை எடுத்தார். எஞ்சினில் இருந்த பிளக்கைக் கழற்றாமல், அதன் தொப்பியை மட்டும் உருவிப் புதுப் பிளக்கில் மாட்டி, அதன் உலோக உடலை எஞ்சினின் பெயிண்ட் இல்லாத பகுதியில் அழுத்திப் பிடித்துக் கிக்கரை மிதிக்கச் சொன்னார். பொறி வரவில்லை. ஒரு துணியை நனைத்துக் காயிலின் மேல் சுற்றினார். ஐந்து நிமிஷத்தில் பொறி வந்தது. அப்போதும் அவர் பேசவில்லை. வேறொரு காயிலைத் தற்காலிகமாகக் கட்டி, "அச்சிறுபாக்கம் வரைக்கும் நிக்காம போயிட்டு வாப்பா" என்று அனுப்பினார். போனவர் நிற்காமலே திரும்பி வந்தார். அதன் பிறகுதான் காயிலுக்கு விலை சொன்னார். சில நூறு ரூபாய். பழைய காயிலையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

ஒரே ஊர், ஒரே வெயில், ஒரே புகார். நோய் வேறு. ஒருவருடைய மருந்து மற்றவருக்கு உதவாது. நான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தது இதுதான்: சூடானபோது நிற்கிற வண்டியைச் சூடாக இருக்கும்போதே சோதிக்க வேண்டும், சோதித்தபிறகுதான் எதையும் மாற்ற வேண்டும்.

எப்படி நின்றது?

இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. எஞ்சினுக்கு வேண்டியவை நான்கு: சரியான அளவில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதை நெருக்கும் அழுத்தம், நல்ல பொறி, அது சரியான நேரத்தில் வருவது. நிமிஷத்துக்கு 4000 சுற்றுச் சுற்றும் நான்கு-ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த நான்கும் 2000 முறை கூடிவர வேண்டும். ஒன்று பிசகினாலும் வண்டி நிற்கும். எது பிசகியது என்பதை வண்டி நின்ற விதமே பெரும்பாலும் சொல்லிவிடும்.

விளக்கை அணைத்தாற்போலப் பட்டென்று நின்றதா? பொறியைச் சந்தேகியுங்கள். காயிலுக்குள் தலைமயிர்போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றியிருக்கிறது. சூட்டில் அது நீளும். எங்காவது நைந்திருந்தால் சூட்டில் பிரிந்து, ஆறியதும் மறுபடியும் தொட்டுக்கொள்ளும். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் நூற்றில் 0.4 பங்கு ஏறும். ஆகவே 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் தடை கால்பங்குக்குச் சற்று அதிகமாக ஏறுவது இயற்கை. மீட்டரில் அப்படி ஏறினால் பயப்படவேண்டாம். ஏறாமல் ஒரேயடியாக அறுந்துபோனதாகக் காட்டினால் கம்பி போயிற்று என்று அர்த்தம். பொறிக்கு நேரம் சொல்லும் பல்சர் காயில் எஞ்சின் உறைக்குள்ளேயே இருப்பதால் அதற்கும் இதே வியாதி வரும்.

1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகள் உருவாகத் தொடங்கிய காலத்து எஞ்சின்களில் பாயிண்டும் கண்டென்சரும் உண்டு. அவற்றை இன்றும் பேணி ஓட்டுகிறவர்கள் பலர். கண்டென்சர் சூட்டில் பலவீனப்பட்டால் பாயிண்டின் முனைகளிலேயே பொறி பறக்கும். பிளக்கில் வரவேண்டிய பொறி நீலநிறம் மாறி மஞ்சளாகச் சோர்ந்துபோகும். அந்தியில் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

திக்கித் திக்கி, இழுத்து இழுத்து நின்றதா? பெட்ரோலைச் சந்தேகியுங்கள். மூடித் துவாரத்தை முதலில் பாருங்கள். காசில்லாத சோதனை அது. அடுத்தது, டாங்கியின் அடியிலுள்ள குழாயின் வடிகட்டி. டாங்கித் துரு அதை அடைத்திருக்கலாம். மூன்றாவது, பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாய் எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்பது. பெட்ரோல் தண்ணீரைப்போல ஒரே உஷ்ணத்தில் கொதிப்பதில்லை. அது பல திரவங்களின் கலவை. இலேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே ஆவியாகத் தொடங்கிவிடும். வெயிலில் ஓடி வந்து நிறுத்திய வண்டியில், காற்று வீசாத அந்தச் சில நிமிஷங்களில்தான் கார்புரேட்டர் கிண்ணம் அதிகமாகச் சூடேறுகிறது. டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தால் கிளம்பாத வண்டிகள் பல இந்த ரகம்.

நம் நாட்டில் 2003-ல் பெட்ரோலில் எத்தனால் கலக்கத் தொடங்கினார்கள். 2025-ல் அது நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும் சுபாவம் உடையது. அதற்கென்று செய்யப்படாத பழைய வண்டிகளின் ரப்பர்ப் பாகங்கள் உப்பவும் வெடிக்கவும் இடமுண்டு. எடுத்ததற்கெல்லாம் எத்தனாலைத் திட்டுவதும் இன்னொரு சூட்டுக் கதைதான். ஆனால் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் குழாய்களையும் கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் ரப்பரையும் வருஷத்துக்கு ஒருமுறை வளைத்துப் பார்ப்பது நல்லது. அந்த ரப்பரில் விரிசல் கண்டால் சூட்டில் அது விரிந்து, வேண்டாத காற்று நுழைந்து, கலவை மெலிந்துபோகும். இதற்கு நேர்மாறாக, காலையில் இழுத்த சோக் சரியாகத் திரும்பாமல் இருந்தால் சூடான எஞ்சின் பெட்ரோல் அதிகமாகித் திணறும். பிளக்கில் கரி படிந்திருப்பது இதற்குச் சாட்சி.

நின்றபின் கிக்கர் வழக்கத்தைவிட லேசாக இறங்குகிறதா? அழுத்தம் குறைகிறது. வால்வுக்கு விடவேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் இல்லாமல் இறுக்கி வைத்துவிட்டால், சூட்டில் பாகங்கள் நீண்டு வால்வு முழுவதும் மூடாது. டக் டக் என்ற சத்தம் பிடிக்கவில்லை என்று இறுக்கச் சொல்லும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சற்றுச் சத்தம் போடும் வால்வு பிழைக்கும். சத்தமே இல்லாத வால்வு கருகும்.

கடைசியாக, வேகம் குறைந்து குறைந்து, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இறுகி நின்றதா? கிக்கர் இறங்கவே மறுக்கிறதா? இங்கேதான் சூடு உண்மையான குற்றவாளி. பிஸ்டன் அலுமினியம், பல வண்டிகளில் அது ஓடும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரிகிறது. எண்ணெய் குறைந்தாலும், கலவை மெலிந்தாலும், எஞ்சினின் இறகுகளில் சேறு அப்பியிருந்தாலும் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துவிடும். அப்போது உதைக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றவும் கூடாது. சுட்ட உலோகம் விரிசல் விடும். தானாக ஆறவிட்டு, எண்ணெய் அளவைப் பார்த்து, வண்டியை ஏற்றிக்கொண்டு போவதுதான் வழி.

இன்னொரு எச்சரிக்கை. சூடான எஞ்சினிலிருந்து பிளக்கைக் கழற்றாதீர்கள். அலுமினிய மரை பிய்ந்து வரும். மதுராந்தகத்துப் பெரியவர் வேறு பிளக் வைத்துச் சோதித்ததன் காரணம் அதுதான். பெட்ரோல் குழாயை உருவிப் பார்ப்பதும் பொறியைச் சோதிப்பதும் ஒரே சமயத்தில் கூடாது. புகைக்குழாய் ஆறும் முன் பெட்ரோலைச் சிந்தக் கூடாது. வண்டியை முதலில் சாலையைவிட்டு இறக்குங்கள். எஞ்சினைவிட உயிர் பெரிது.

பார்த்ததற்குக் கூலி

இனி என் வெட்கத்தைச் சொல்லவேண்டும். பெரியவர் என் மூடியைக் கழற்றி, மெல்லிய கம்பியால் துவாரத்தைக் குத்தி, ஊதிக் கொடுத்தார். "எவ்வளவு, ஐயா?" என்றேன். "நூறு ரூபா" என்றார். சட்டென்று என் வாயில் வந்தது: "ஒன்றும் மாற்றவில்லையே!"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மாத்தியிருந்தா எவ்வளவு கொடுத்திருப்பீங்க, தம்பி?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் கிடையாது. தேவையில்லாத காயிலுக்கு வாய்பேசாமல் பணம் எண்ணியவன், தேவையான அறிவுக்கு நூறு ரூபாய் கொடுக்கத் தயங்கினேன். நாம் எல்லோருமே இப்படித்தான். பொருளைக் கண்ணால் பார்த்தால் பணம் கொடுப்போம். யோசித்ததற்குக் கூலி கேட்டால், "சும்மா பார்த்ததற்கா?" என்போம். பார்ப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் யார் பார்ப்பார்? கமிஷன் கிடைக்கிற பாகத்தை மாற்றுவார். அது முழுக்க அவர் பேராசை என்று சொல்லமாட்டேன். பாதி நம் கஞ்சத்தனம்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமல்ல. அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் பிர்சிக் 1974-ல் வெளியிட்ட 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆப் மோட்டார் சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்ற பிரசித்தி பெற்ற நூலில் தம் வண்டியின் கதையைச் சொல்கிறார். எஞ்சின் இறுகிப்போகிறது. பட்டறையில் பிரித்துப் பூட்டுகிறார்கள், மறுபடியும் கோளாறு. ரேடியோ அலற, மனம் வேலையில் இல்லாமல் அவர்கள் செய்த காரியத்தில் வேறு பாகங்களும் கெடுகின்றன. முடிவில் காரணம் என்னவென்றால், எண்ணெய் போகும் பாதையில் முறிந்துகிடந்த ஒரு சின்ன ஊசி. விலை 25 சென்ட்! கவனமில்லாமல் வேடிக்கை பார்க்கிறவர்களைப்போல் வேலை செய்தார்கள் என்பதே அவர் மனக்குறை. பணக்கார தேசத்தில் அது ஓர் எழுத்தாளரின் மனக்குறை. நம் ஊரில் அது ஒரு மீன் வியாபாரியின் வட்டிக் கடன்.

புது வண்டிக்கு இதெல்லாம் வேண்டாமா?

"2020 ஏப்ரல் முதல் வருகிற பி.எஸ். 6 வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டரையே காணோமே, எல்லாம் கம்ப்யூட்டர் ஆயிற்றே?" என்று கேட்கலாம். உண்மைதான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும், டாங்கிக்குள் பம்பும், உஷ்ணத்தை அளக்கும் சென்சரும் வந்துவிட்டன. கோளாறு கண்டால் எச்சரிக்கை விளக்கு எரியும்; எந்தப் பகுதியில் கோளாறு என்று குறியீடும் சொல்லும். ஆனால் குறியீடு சொல்வது சந்தேகத்தை; தீர்ப்பை அல்ல. சென்சர் கெட்டதா, அதற்குப் போகும் ஒயர் நைந்ததா என்று மனிதன்தான் பார்க்கவேண்டும். புது வண்டியிலும் காயில் உண்டு, வால்வு உண்டு, சூடு உண்டு. பாகத்தின் விலைதான் அதிகம். ஆகவே யூகத்தின் விலையும் அதிகம்.

என்ன செய்யலாம்? வண்டிக்காரர் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நின்ற விவரத்தைக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நிமிஷம் ஓடியபின் நின்றது, பட்டென்றா திக்கியா, எத்தனை நிமிஷத்தில் மறுபடியும் கிளம்பியது, டாங்கியில் எவ்வளவு இருந்தது. பட்டறைக்குக் காலையில் குளிர்ந்த வண்டியை விட்டுவிட்டு ஓடாதீர்கள். ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போங்கள். "என்ன மாற்றவேண்டும்?" என்று கேட்காமல், "எப்படித் தெரிந்தது?" என்று கேளுங்கள். பழைய பாகத்தைத் திரும்ப வாங்குங்கள். சோதனைக்கென்று தனியே கூலி கேட்டால் மனமுவந்து கொடுங்கள்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 'சோதனைக் கூலி இவ்வளவு' என்று ஒரு பலகை எழுதி மாட்டுங்கள். கோளாறு தீர்ந்ததை வாடிக்கையாளர் முன்னால் ஓட்டிக் காட்டிவிட்டுப் பாகத்தின் விலையைச் சொல்லுங்கள். முதல் மாதம் சிலர் முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். அடுத்த மாதம் தேவையில்லாத காயிலோடு திரும்பி வருவார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் பாகங்களைப் பூட்டக் கற்றுக்கொடுப்பதோடு, வேண்டுமென்றே கோளாறு செய்த எஞ்சினை மாணவர் முன் வைத்து, 'ஒன்றையும் மாற்றாமல் கண்டுபிடி' என்று பரீட்சை வைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! வண்டி செய்கிறவர்களும் கையேட்டில் 'விற்பனையாளரை அணுகவும்' என்று எழுதி முடிக்காமல், வண்டி நின்றால் எதை முதலில் பார்ப்பது, எதை இரண்டாவது பார்ப்பது என்று ஒரு பக்கம் நல்ல தமிழில் அச்சிடலாம். அதற்குக் கோடிகள் தேவையில்லை.

திண்டிவனம் கல்யாணத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தல்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த மோரும் சாதமும் கிடைத்தன. மீன் வியாபாரி அன்று சரக்கை முழு விலைக்கு விற்றாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலாயிரம் ரூபாய்க் கடன் வாங்காமல் வீடு திரும்பினார் என்பது நிச்சயம். அந்த நூறு ரூபாயைப் போல நியாயமான செலவு இந்த வண்டிக்காக நான் செய்ததில்லை.

வாசகர்களே! நாளைக்கே உங்கள் வண்டி வெயிலில் நின்றுவிட்டால், உடனே பணப்பையைத் தொடாதீர்கள். முதலில் பெட்ரோல் மூடியைத் தொடுங்கள்.